பதினேழாம் பக்கத்திலிருந்து

கனகாம்பாள் எங்கள் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டதை முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் பார்த்ததில்லை. நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். சாப்பாட்டு டோக்கன் வாங்குகிறவர்கள் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். 1973இல் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அவள் அந்த ஜன்னலுக்கு வரவே இல்லை. அவளைப் பற்றி நான் கண்டதைக் கண்டது என்றும், கேட்டதை யாரிடம் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

கேண்டீன் நடத்திய துளசிராமன் ஊத்துக்கோட்டைக்காரர். புது டைப்பிஸ்ட் சாப்பிட வருவதில்லை என்பதைத் தன் சமையலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, கரண்டியும் கையுமாக அவள் மேசைக்கே போனார்.

“இன்னாம்மா, நம்ம சாப்பாடு புடிக்கலியா? காரம் ஜாஸ்தியா? சொல்லு, கம்மி பண்ணிக்கலாம்.”

“அதெல்லாம் இல்லீங்க. இன்னிக்கி விரதம்.”

“நேத்து?”

“நேத்தும்.”

துளசிராமன் கரண்டியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வெங்காயச் சாம்பார் கரண்டி அது. பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தவர், வாசலில் நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சாரே, ஆபீஸ்ல சாமிய கொண்டாந்து குந்த வெச்சிகினு எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீ.”

அன்று மாலைக்குள் தொழிற்சாலை முழுதும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஷிப்ட் தொடங்குமுன் சிலர் அவள் மேசைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடிப்பாள். யாரும் அவளோடு அரட்டை அடிக்கவில்லை. சாமியோடு யார் அரட்டை அடிப்பார்கள்?

எனக்கு அப்போது வயிற்றுப் புண். கேண்டீன் காரம் ஒத்துக்கொள்ளாது. பம்பு அறையை ஒட்டி ஒரு புங்க மரமும் அதன் கீழ் சிமென்ட் பெஞ்சும் இருந்தன. மத்தியானம் அங்கே போய்த் தயிர்ச் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன். பெஞ்சின் மறுகோடியில் அவள் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் ‘சாப்பிடு’ என்று சொன்னதில்லை. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. விரதம் என்று நானும் நம்பியிருந்தேன், அவ்வளவுதான். அதனால்தான் என்னோடு பேச ஆரம்பித்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. பதினேழாம் பக்கத்தில், பாதி வாக்கியத்தில் தொடங்கும் ஓர் ஆங்கிலப் புத்தகம். ஜப்பானியக் கதை. ஜப்பான் என்பது, மூலக்கதை எங்கே, எந்த ஆண்டு வந்தது என்று கடைசிப் பக்கத்தில் இருந்த சிறிய குறிப்பால் தெரிந்தது. எழுதியவர் பெயர் கிழிந்த பக்கங்களோடு போய்விட்டது.

“ஒருத்தன் சின்னத் துறைமுக ஊர்ல வந்து எறங்கறான் சார். கைல ஒரு கொட. அவனுது இல்ல. நனஞ்சி இருக்குது. அத யார்கிட்டயோ திருப்பிக் குடுக்கணும். புக்கு பூராவும் அந்தக் கொடைய வெச்சிகினே திரியறான். வேல தேடறான், ஒரு விதவ ஊட்டுல வாடகைக்கு இருக்கறான், அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாம போவுது. கொடைய மட்டும் குடுக்க முடியல. கடசில மழைல படகுத் துறைல வெச்சிட்டுப் போய்டறான்.”

“யாருடைய குடை?”

“அதான் மொதல் பதினாறு பக்கத்துல இருக்குது” என்றாள்.

திருவள்ளூர்க் கடைத்தெருவில் பழைய பேப்பர்க் கடை ஒன்று இருந்தது. டைப்பிங் படித்து முடித்து, அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்தபோது, வக்கீலின் பழைய பேப்பர்களை எடைக்குப் போடப் போனாள். கடைக்காரர் அந்தப் புத்தகத்திலிருந்து பக்கம் கிழித்துத்தான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். பதினேழாம் பக்கத்தில் கை வைத்தபோது இவள் தடுத்து வாங்கிவிட்டாள். கிழிந்த பக்கங்கள் கடுகோ சீரகமோ சுமந்து எந்தெந்த வீட்டுக்கோ போய்விட்டன. அது 1965. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ரயிலேறி மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவாள். ஜப்பானியக் கதைகளாகப் பொறுக்கி வாங்குவாள். குடைக்காரன் கதையின் முழுப் பிரதி மட்டும் கிடைக்கவே இல்லை.

ஏன் ஜப்பான் கதை மட்டும் என்று கேட்டேன்.

“அதுல ஒருத்தி கிண்ணத்துல சோறு வெச்சிட்டு எழுந்து போய்டுவா சார். திரும்பி வர்றப்ப கிண்ணம் காலியா இருந்தாலும் எடுத்துட்டுப் போவா, அப்டியே இருந்தாலும் எடுத்துட்டுப் போவா. ஒண்ணும் கேக்கமாட்டா. நம்ம ஊட்டுல அப்டி ஒருத்தர காட்டுங்க பாக்கலாம்.”

அப்போதுதான் எனக்கு விரதத்தின் மேல் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. சில வாரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

அவள் பிறந்தது திருவாலங்காட்டுக்கு அருகே, நெல் விளையும் ஒரு சிற்றூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா செங்கம்மாளும் தம்பி முனிகிருஷ்ணனும் பயிர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் அவளுக்குச் சாப்பாடு பயமாகிவிட்டது. “தட்ட பாத்தா, பாம்பு சுருண்டு இருக்கற மாதிரி இருக்கும் சார். ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது.” செங்கம்மாள் திட்டினாள், கெஞ்சினாள், வாயில் திணித்தாள், அடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி அடிக்கக் கை ஓங்கியபோது மகள், “விரதம்மா” என்றாள். ஓங்கிய கை அப்படியே திரும்பி அம்மாவின் கன்னத்திலேயே போட்டுக்கொண்டது.

அந்த ஒரு சொல்லுக்குள் அவள் குடிபோய்விட்டாள். வெள்ளியோடு திங்கள் சேர்ந்தது, பிறகு கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, சனி. தம்பி மனைவி மணியம்மாளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லை. அவளுக்காகத்தான் நாத்தனார் பட்டினி கிடக்கிறாள் என்று வீடே நினைத்தது. 1967இல் ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு பக்கத்து ஊர்ப் பெண்கள் தேங்காய், வெற்றிலையோடு வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவது நின்றது. சாமிப் பெண்ணை வைத்துக் குடும்பம் நடத்துவது யார்? திருவாலங்காட்டுக் கோயிலில் எலும்பும் நரம்புமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிலை உண்டு. அதைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் அவளையும் ஒருமுறை கும்பிட்டார்கள்.

இன்னொன்றை அவள் என்னிடம் சொல்லவில்லை. பல வருடம் கழித்து மணியம்மாள் சொல்லக் கேட்டேன். நடவுக் காலத்தில் எல்லோரும் கழனிக்குப் போயிருக்கும் மத்தியான வேளையில், சில நாள், அந்த விரதக்காரி சமையல்கட்டில் நின்றபடியே பானைச் சோறு முழுவதையும், ருசி தெரியாமல், அழுதுகொண்டே தின்பாளாம். பிறகு புழக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். ஒருநாள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் பாதியில் வந்த மணியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் காத்திருந்து, பானையைக் கழுவி, மறுபடி உலை வைத்தாள். செங்கம்மாள் வரும்போது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. “இன்னாடி இந்நேரத்துக்கு?” என்று கேட்டதற்கு, “மறந்துட்டேன் அத்த” என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பலமுறை அவள் மறந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் அவளுக்குத் தனி அறை. வேலைக்கு அவ்வளவு தூரம் வந்தது அதற்காகத்தான். கதவைச் சாத்திவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்து, கதையில் யாராவது சாப்பிடும்போது தானும் ஒரு வாய் வைப்பாள். சில நாள் முடியும். பல நாள் முடியாது.

1975இல் எங்களுக்கு ஜப்பானிலிருந்து கம்பி இழுக்கும் மிஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஹோசகா என்று ஒரு இன்ஜினியர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சென்னையில் ஓட்டலில் தங்கி, காலையில் காரில் வந்து, இருட்டுமுன் போய்விடுவார். பகல் முழுதும் மிஷினுக்கு அடியில் கிடப்பார். எங்கள் ஃபிட்டர்களோடு அவருக்குப் பேச்சு, கை ஜாடையும் “ஓகே”யும் மட்டும்.

ஒருநாள் ஏதோ ரிப்போர்ட் டைப் அடிக்கக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். அவள் மேசையில் அட்டையில்லாத புத்தகம் இருந்தது. திறந்திருந்த பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரைப் பார்த்தவர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் புத்தகத்தை எடுத்தார். “நீங்கள் படிப்பதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் எழுந்து நின்று தலையாட்டினாள். மானேஜர் வெளியே ஹார்ன் அடித்தார். “ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். வெள்ளிக்கிழமை மானேஜர் வீட்டில் விருந்து. அங்கே பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பெஞ்சுக்கு அவள் ஓடி வந்தாள். ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“சார், அவருக்குத் தெரிஞ்சிருக்கும். புக்க தொட்டதும் மொகம் மாறிச்சி பாருங்க. யாரு கொடன்னு கேட்டுடப் போறேன்.”

சிறிது நேரம் கழித்து, வேறு குரலில், “ஆனா சாப்பாட்டு எடம்” என்றாள்.

மானேஜரின் மனைவி ஜானகியம்மாள் பக்தி மிகுந்தவர். கனகாம்பாளிடம் மிகுந்த மரியாதை. விருந்துக்கு வருகிறவர்கள் பெயரை அவரிடம் நான்தான் கொண்டுபோனேன். கனகாம்பாள் பெயரைக் கேட்டதும் பதறினார்.

“வெள்ளிக்கிழமை தண்ணிகூடத் தொடமாட்டாங்கன்னு சொல்றாங்களே! அவங்களைப் பட்டினியா உட்கார வெச்சு எதிர்ல நாம சாப்பிடறதா? மகா பாவம். வரட்டும், வேணாங்கல. பூஜை ரூம்ல உட்காரட்டும். விருந்தாளி போனப்புறம் நானே வெத்தலை பாக்கு குடுத்து அனுப்பறேன்.”

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பைக்குள் வைத்து வந்தாள். ஜானகியம்மாள் கையைப் பிடித்து அழைத்துப் போய் பூஜை அறையில் மணை போட்டு உட்கார வைத்தார். கூடத்தில் எங்களுக்கு வரிசையாக இலை போட்டார்கள். ஹோசகா காலை மடித்துச் சுலபமாக உட்கார்ந்துவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மானேஜர், “அந்தம்மா சாப்பிட மாட்டார். மத விஷயம்” என்று ஆங்கிலத்தில் விளக்கினார். ஹோசகா மிகவும் வணக்கமாகத் தலை குனிந்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பூஜை அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் முழங்காலும் மடிமேல் இருந்த பையும் தெரிந்தன. பருப்பு பரிமாறினார்கள், நெய் விட்டார்கள். பை நகரவில்லை. சாம்பார் வந்தபோது அவள் எழுந்து வந்து கூடத்தில் நின்றாள்.

“எனக்கும் ஒரு எல போடுங்கம்மா.”

ஜானகியம்மாளுக்குப் புரியவில்லை. “வெள்ளிக்கிழமையாச்சேம்மா?”

“எனக்கு வெரதம் இல்லீங்க.”

“இன்னிக்கு விட்டுட்டீங்களா?”

“என்னிக்குமே இல்லீங்க” என்றாள். “சும்மா சொன்னேன்.”

கேண்டீனிலிருந்து பரிமாற வந்திருந்த துளசிராமன் அப்படியே நின்றுவிட்டார். ஜானகியம்மாள் உள்ளே போய், ஓர் இலையைக் கொண்டுவந்து, எனக்கும் ஹோசகாவுக்கும் நடுவில் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கோபமா வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. சோறு விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் அந்த இலையில் இருந்தன. கனகாம்பாள் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் ஹோசகாவுக்கு ரசம் ஊற்றினார்கள். சோற்றில் குழி செய்து வாங்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரசம் இலை முழுதும் பரவி, விளிம்பைத் தாண்டி, அவருடைய வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்து ஓடியது. அவர் இரண்டு கையாலும் அணை கட்டினார். “அய்யய்யோ, எலைய தூக்கு நைனா, தூக்கு!” என்று துளசிராமன் கத்த, மானேஜர் துண்டோடு பாய, வீடே அவர் பக்கம் திரும்பியது.

அப்போது அவள் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. பக்கத்தில் இருந்த நான் மட்டும் பார்த்தேன், பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

கால்சட்டை துடைத்து முடிந்ததும் அவள் இடது கையால் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்து, ஆங்கிலத்தில் கேட்டாள். பத்து வருடமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் போல, திக்காமல் வந்தது: இந்தக் குடை யாருடையது?

ஹோசகா கதையைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். துறைமுகம், விதவை வீடு, மழை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மன்னிக்கவேண்டும். நான் கதைகள் படிப்பதில்லை. இந்த ஊர்ப் பெயரைப் பார்த்தேன். என் அம்மா பிறந்த ஊர். யாராவது இதைப் பற்றிப் பேசிக் கேட்கலாம் என்று நினைத்தேன்” என்றார். பிறகு, “நீங்கள் சொன்னது போலத்தான் இருக்கும், அங்கே மழை” என்றார்.

கனகாம்பாள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு. பாதிச் சோற்றின் மேல் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். தடித்து நின்ற அந்த மடிப்பை ஜானகியம்மாள் பார்த்தார். வாசலில் வெற்றிலை பாக்கு கொடுக்கவில்லை. ஹோசகா மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக் குறிப்பைத் தன் டைரியில் எழுதிக்கொண்டு, ஊருக்குப் போய்த் தேடி அனுப்புவதாகச் சொன்னார்.

செய்தி எப்படித் திருவாலங்காட்டுப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது. மறுமாதம் முனிகிருஷ்ணன் பஸ் மாறி பஸ் ஏறி வந்து கேட்டில் நின்றான். டைம் ஆபீஸிலேயே உட்கார வைத்து அவளை வரவழைத்தேன். எழுந்து போக நினைத்தேன். அவள் “இருங்க சார்” என்றாள்.

“இன்னாக்கா இது? வெள்ளிக்கெழம ஜப்பான்காரனோட குந்திகினு சாப்டியாமே?”

“சாப்ட்டேன்.”

“அப்ப வெரதம்?”

“அது வெரதம் இல்லடா. எனக்கு சாப்ட வரல. அவ்ளோதான்.”

“வரலன்னா?”

“உனக்கு நீச்சல் வருதா? அந்த மாதிரி. வரல.”

முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

“அப்ப எம் புள்ள?” என்றான். “நீ வெரதம் இருந்துதான பொறந்தான்?”

“உம் புள்ள உம் பொண்டாட்டிக்குப் பொறந்தான். போய் அவளக் கும்புடு.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஒரே பேஜாருக்கா. ஊர்ல பொம்பளைங்க குடுத்த தேங்காய்க்கு கணக்கு கேக்கறாளுங்க. அம்மா உன் பேர எடுக்கவே கூடாதுங்குது. நீ கொஞ்ச நாள் வராத.”

“வரல.”

போக எழுந்தவன் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். “மணி குடுத்துச்சி. மோர் சோறு. ‘சாப்டாங்களானு கேக்காத, சட்டிய மட்டும் கழுவாம வாங்கிகினு வா’ன்னுச்சி. இன்னா அர்த்தமோ.”

கனகாம்பாள் அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள். தம்பியை இருக்கச் சொல்லிவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். திரும்பிக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தபோது அது காலியாக இருந்ததா, இல்லையா என்று நான் பார்க்கவில்லை. மூடியிருந்தது.

விரதம் போனதால் அவளுக்கு நண்பர்கள் கிடைத்துவிடவில்லை. முன்பு கும்பிட்டவர்கள் இப்போது பார்க்காமல் போனார்கள். பொய்க்காரி என்று சிலர் அவள் காதுபடவே சொன்னார்கள். துளசிராமன் ஒருவர்தான் வந்தார்.

“சாமியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு ஆயிட்ச்சி. இனிமே இன்னா சாக்கு? வந்து குந்து.”

“ஒண்ணு கேட்டா செய்வீங்களா? தட்ட வெச்சிட்டு அந்தாண்ட போய்டணும். போதுமா, வேணுமா, ஏன் வெச்சிட்டேன்னு கேக்கக்கூடாது.”

“அது இன்னா பழக்கம்? பரிமாறிட்டு கேக்காம எப்டி இருக்கறது? வாயி நமநமங்குமே” என்றார் துளசிராமன். ஆனாலும் ஒத்துக்கொண்டார். அன்று முதல் அவள் என் ஜன்னலுக்கு வந்து டோக்கன் வாங்கினாள். கேண்டீன் கோடியில், சுவரைப் பார்த்த இடம். தட்டை வைத்துவிட்டு துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். சில நாள் தட்டு காலியாகத் திரும்பும், சில நாள் தொடாமல். டோக்கன் மட்டும் தவறாமல் வாங்கினாள். புங்க மரத்தடி பெஞ்சில் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஜப்பானிலிருந்து அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். அவள் என் எதிரிலேயே பிரித்தாள். நீலத் துணி அட்டை போட்ட புதுப் புத்தகம். உள்ளே முழுக்க முழுக்க ஜப்பானிய எழுத்து. கூட ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடிதம்: ‘கண்டுபிடித்தேன். நானும் படித்தேன். முதல் பக்கங்கள் மிக அழகானவை. என் மோசமான ஆங்கிலத்தில் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.’

எனக்குக் கோபம் வந்தது. “சென்னையில் யாராவது ஜப்பான் பாஷை தெரிந்தவர் இருப்பார். விசாரிக்கிறேன்” என்றேன்.

அவள் புத்தகத்தின் முன்னட்டையைத் திறந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்து மூடித் திருப்பினாள். அவர்களுக்குப் புத்தகம் நம்முடைய கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று எங்கோ படித்திருந்தாள். பின்பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழாக மழைபோல் இறங்கிய எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள்.

“இதுல இருக்குது சார்” என்றாள். “விசாரிக்க வேணாம். இப்ப வேணாம்.”

மத்தியானச் சங்கு ஊதியது. டோக்கனுக்கு ஜன்னலில் கை நீட்டினாள். கொடுத்தேன். நீலப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தூறலில், குடையில்லாமல் கேண்டீனுக்கு நடந்தாள். கோடி மேசையில் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து சுவரில் சாய்த்து வைத்தாள். துளசிராமன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் போனார்.